பணியாளர் ஏட்டையும் ஆண்டுக்கொரு முறை புரட்டுவோம்

(லவ்டேல் ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

நம்மில் கடை வைத்திருப்போர் ஆண்டுதோறும் ஸகாத்துக்காக இருப்பைக் கணக்கெடுக்கிறோம். அலமாரியில் உள்ள சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய கடன் என எதையும் விட்டுவிடுவதில்லை. ஆனால் அந்தச் சரக்கை எடுத்துக் கொடுக்கும் பணியாளருடன் நாம் பேசிக்கொண்ட சம்பளத்தையும் நேரத்தையும் விடுப்பையும் ஆண்டுக்கொரு முறை எடுத்துப் பார்க்கிறோமா? இன்று நாம் பேச விழைவது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கு நம் முன் வந்தது. பெயர்கள் வேண்டாம். ஒரு பேக்கரியில் விறகு அடுப்பின் முன் இருபது ஆண்டுகள் வர்க்கி போட்டவர், உடல் ஒத்துழைக்காமல் வேலையிலிருந்து விலகினார். "போகும்போது ஒரு தொகை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்" என்றார் அவர். "மகள் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் கொடுத்ததெல்லாம் அந்தத் தொகைதான்" என்றார் முதலாளி. இருவரும் பொய் சொல்பவர்கள் அல்லர். ஆனால் கொடுத்த பணம் கடனா, அன்பளிப்பா, முன்பணமா என்பதற்கு ஒரு வரி எழுத்து இல்லை. பத்துப் பேருக்குக் குறைவான கடை என்பதால் பணிக்கொடைச் சட்டமும் அங்கே எட்டவில்லை. ஒருவாறு பேசி முடித்தோம். எனினும் இருபது ஆண்டு உறவு கசப்பில் முடிந்ததை நம்மால் தடுக்க இயலவில்லை.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்டது என்பதை நாம் அறிவோம். நம்பிக்கை இல்லாத இடத்தில்தான் எழுத்து வேண்டும் என்பது நம் தவறான எண்ணம். நம்பிக்கை கெடாமல் காப்பதற்கே எழுத்து.

எழுதினால் மட்டும் போதுமா? போதாது. எழுதியதைக் காலத்துக்குக் காலம் திருத்தவும் வேண்டும். சட்டமே அவ்வாறு தன்னைத் திருத்திக்கொள்வதைக் காண்கிறோம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கடைப் பணியாளர் நாள் முழுதும் நின்றே வேலை செய்யாதிருக்க இருக்கை அளிக்கவேண்டும் என்ற விதி அதில் 2021இல்தான் சேர்ந்தது. ஓர் இருக்கைக்கு 74 ஆண்டுகள் ஆயின! நம் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் அமர்வது யார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 29 மத்தியச் சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. ஆகவே பத்தாண்டுகளுக்கு முன் கணக்காளர் சொன்னதை வைத்துக்கொண்டு இன்றும் கடை நடத்துவது பொருந்தாது.

எவற்றைப் பார்க்கவேண்டும்?

முதலாவது, சம்பளம். ஒரே ஒரு பணியாளர் இருந்தாலும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. தமிழ்நாட்டில் அதனுடன் சேரும் பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் முதல் நாளிலும் விலைவாசிக்கேற்ப மாறுகிறது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் சேரவேண்டும். விலகிச் செல்பவரின் கணக்கை இரண்டு வேலை நாட்களில் தீர்க்கவேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்பு. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்கலாகாது என்பது நமக்குப் புதிய பாடமன்று.

இரண்டாவது, நேரமும் விடுப்பும். சீசன் நாட்களில் காலை முதல் இரவு வரை வேலை நீள்கிறது. மழைக்காலத்தில் கடை வெறிச்சோடுகிறது. சீசனில் கூடுதலாக உழைத்த மணிகளைக் குறித்து வைத்திருக்கிறோமா? இரவு கடை சாத்தியபின் பணியாளர் எந்தப் பேருந்தில் செல்கிறார்? காட்டெருமை நடமாடும் பாதையில் மூடுபனியில் தனியே நடக்கிறாரா? சென்ற ஆண்டு அருகில் குடியிருந்தவர் இவ்வாண்டு தொலைவுக்கு மாறியிருக்கலாம். கேட்டால்தானே தெரியும்!

மூன்றாவது, ஆள் எண்ணிக்கை. பத்துப் பேரைத் தொட்டால் இ.எஸ்.ஐ., பணிக்கொடை, பெண் பணியாளர் புகாருக்கான உள் குழு ஆகியன வந்துசேரும். இருபதைத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி. கடை வளர்ந்ததை நாம் மகிழ்வோடு கவனிக்கிறோம். உடன் வளர்ந்த பொறுப்பைக் கவனிப்பதில்லை. எண்ணிக்கை குறைவாக உள்ள கடையில் சட்டம் கட்டாயப்படுத்தாவிடினும், மாதந்தோறும் பணியாளர் பெயரில் ஒரு சிறு தொகையை அஞ்சலகச் சேமிப்பில் இட்டு வருவதை யார் தடுக்கப்போகிறார்கள்? அந்த வர்க்கிக் கலைஞருக்கு அப்படியொரு கணக்குப் புத்தகம் இருந்திருந்தால் அவர் நம் முன் கைகட்டி நின்றிருக்க மாட்டார்.

"சிறு கடைக்கு இத்தனை நடைமுறையா, வாடகையும் மின்கட்டணமுமே பெரும் சுமையாயிற்றே" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய இயலாது. இயலாததையும் பணியாளரிடம் வெளிப்படையாகச் சொல்லி, எப்போது இயலும் என்று எழுதுங்கள். பழகிய ஆள் சீசன் நடுவில் வேறு கடைக்குப் போய்விட்டால் நேரும் இழப்பு, இந்தச் செலவினும் பெரிது.

ஆதலால் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் இதுவே. ஏப்ரலில் பஞ்சப்படியும் மாறும், சீசனும் தொடங்கும். அதற்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு நாள் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகச் சாத்துங்கள். பணியாளர் ஒவ்வொருவருடனும் தனித்தனியே அமருங்கள். சம்பளம், நேரம், விடுப்பு, முன்பணம், குறைகள் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு அவர் நம்பும் ஒருவரைக் கொண்டு படித்துக் காட்டுங்கள். ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். முதலில் அவர் பேசட்டும், நாம் கேட்போம்.

கடையின் இருப்பைக் கணக்கெடுக்கும் நாம், அதைக் காத்து நிற்கும் மனிதரின் உரிமையையும் கணக்கெடுப்போம். அதற்கு வல்ல இறைவன் நல்லருள் புரிவானாக. ஆமீன்.