இல்லாத கணினியில் பிழை தேடுவது

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு, தன்னிடம் உள்ள மென்பொருள்களைப் பலவகை பிராசசர்களுக்கும் தனித்தனியாக பில்ட் செய்கிறது. நம் மேசைக் கணினியின் இன்டெல், செல்போனின் ஆர்ம் இவற்றோடு, எஸ்390எக்ஸ் என்பதும் அந்த வரிசையில் உண்டு. பெரிய வங்கிகள் கணக்கு வழக்குக்கு வைத்திருக்கும் ஐபிஎம் மெயின்பிரேமின் பிராசசர் அது.

கல்லூரி மாணவி ஒருத்தி ஒரு மென்பொருள் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடத்திலும் ஓடுகிறது. மெயின்பிரேமில் மட்டும் டெபியனின் பில்ட், சோதனைக் கட்டத்தில் தோற்கிறது. லாக்கில் ஒரே வரி: 1 வரவேண்டிய இடத்தில் 4294967296 வந்திருக்கிறது. நானூற்று இருபத்தொன்பது கோடிக்கும் மேல்! மெயின்பிரேமுக்கு அவள் எங்கே போவாள்?

போகவே வேண்டாம். ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2003-இல் வெளியிட்ட கியூஎமு என்ற எமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. மெயின்பிரேமுக்கான கட்டளைகளை அது துண்டு துண்டாக எடுத்து, ஓடும்போதே இன்டெல் கட்டளைகளாக மாற்றிவிடும். அவளுடைய மடிக்கணினியிலேயே அந்த பில்ட் ஓடும், அதே இடத்தில் தோற்கும். தோற்பதுதான் நமக்கு வேண்டியது. கியூஎமுவை முதல் கட்டளையிலேயே நிறுத்திவைத்து, ஜிடிபி என்ற டீபக்கரை இணைத்தால், நிரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தி, நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டாகப் பார்க்கலாம்.

பார்த்தால் என்ன தெரிகிறது? எட்டு பைட் இடத்தில் நான்கு பைட் எண்ணாக 1 எழுதப்பட்டிருக்கிறது. இன்டெல் ஒரு எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும். அதனால் 1 சரியான இடத்திலேயே விழுந்தது, தவறு தெரியவில்லை. மெயின்பிரேம் பெரிய பகுதியை முதலில் வைக்கும். அங்கே அதே 1 மேல்பாதியில் போய் உட்கார்ந்து, 2-இன் 32-ஆம் அடுக்காகிவிட்டது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இது மெயின்பிரேமின் கோளாறு அல்ல. இன்டெலிலும் இதே தவறு இருந்தது. மீதி நான்கு பைட்டும் பூஜ்யமாக இருந்த ஒரே காரணத்தால் தப்பித்துக்கொண்டிருந்தது. அங்கே வேறு ஏதாவது கிடந்திருந்தால் அன்றே விடை பிசகியிருக்கும். ‘அந்தக் கணினியை யார் வைத்திருக்கிறார்கள், விட்டுவிடலாமே’ என்று சொல்பவர்களை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான்.

எமுலேட்டருக்கும் எல்லை உண்டு. வேகம் குறைவு. ஒரே நேரத்தில் பல கோர்கள் நினைவகத்தில் எழுதும்போது, ஆர்ம், பவர்பிசி போன்ற பிராசசர்களில் ஒரு கோர் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்கள் பார்க்கும் என்ற உறுதி இல்லை. இன்டெல் இந்த வரிசையில் கண்டிப்பானது. அதன் மேல் ஓடும் எமுலேட்டரில் அந்த வகைப் பிழை தலைகாட்டாமலே போகலாம். அதற்கு அசல் இயந்திரம்தான் வேண்டும். டெபியன் தன் நிரலாளர்களுக்காக அத்தகைய இயந்திரங்களையும் இணையவழியில் திறந்து வைத்திருக்கிறது.