விடுதலைக்குப் பின்

குற்றம் புரிந்தவனைச் சிறையில் அடைத்ததும் நீதி நிறைவெய்திவிட்டதென உலகோர் எண்ணுவர். ஆனால் களவு கொடுத்தவனின் இழப்பு ஈடாவதில்லை, களவெடுத்தவனும் திருந்துவதில்லை. இழப்புக்குப் பரிகாரம் செய்வித்து, தவறியவனை மீண்டும் ஊரோடு சேர்ப்பதே சீராக்கும் நீதியாகும்.

இதற்கான வழிகள் இலங்கைச் சட்டத்திலேயே உள. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகளில், இரு தரப்பாரும் அமர்ந்து பேசிச் சிறு பிணக்குகளைத் தீர்த்துக்கொள்கின்றனர். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டமோ, சிறைக்குப் பதிலாக ஊருக்குப் பயன்படும் ஊதியமற்ற வேலையை விதிக்க இடமளிக்கிறது. தண்டப்பணம் கட்ட வழியற்ற ஏழை சிறையில் வாடுவதினும் குளக்கட்டைச் செப்பனிடுதல் மேலன்றோ?

தடுப்பிலிருந்து மீள்வோரின் நிலையை வன்னி நன்கறியும். 2009இல் போர் முடிந்தபின், ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டனர். வவுனியா பூந்தோட்டம் அவற்றுள் ஒன்று. வழக்கு விசாரணையின்றி வைக்கப்பட்ட அவர்களைத் தண்டனைக் கைதிகளோடு ஒப்பிடுதல் முறையன்று. ஆயினும் அவர்கள் பட்ட இடர் ஒரு பாடமாகும். தச்சும் தையலும் பயின்று திரும்பியோர்க்கும் தொழில் அரிதாயிற்று. கண்காணிப்புக்கு அஞ்சி அயலாரும் விலகி நின்றனர்.

ஆகவே சிறை மீள்வோர்க்கு அடையாள அட்டை, தங்குமிடம், தொழில் ஆகியவை விடுதலைக்கு முன்னரே ஒழுங்காதல் வேண்டும். அது அரசின் கடமை. கமக்காரர் அமைப்பும் கூட்டுறவுச் சங்கமும் முதல் நாட் கூலியை நம்பிக் கொடுத்தல் வேண்டும். அது ஊரின் கடமை. இரண்டாவது தவறின் முதலாவது பயன்படாது என்பதை நேயர்கள் சிந்தித்தல் நன்று.