இஞ்சினீயர் என்று கையெழுத்திட யாருக்கு உரிமை?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழின் பெருமையைப் பற்றிப் பேச நம்மினும் வல்லவர்கள் இம்மேடையில் இருக்கின்றனர். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் வேறு. ஒருவர் இஞ்சினீயராகத் தொழில் நடத்த உரிமை பெறுவது எவ்வாறு என்பதே அது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். பாலம் கட்டுபவர் இஞ்சினீயர். அவர் இஞ்சினீயர்தானா என்று சான்றிதழைப் பார்த்துக் கோப்பில் எழுதுபவர் குமாஸ்தா. இருபது ஆண்டுகளாக அந்தக் காகிதங்களைப் புரட்டி வருகிற பழக்கத்தால் சிலவற்றைச் சொல்லத் துணிகிறோம்.

நம் கரக்பூரில் இஞ்சினீயர் என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. 1951-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. இங்கே இருக்கிறது, ரயில்வே பட்டறையும் இருக்கிறது. பையனோ பெண்ணோ பி.இ. தேறிவிட்டால், "எங்கள் வீட்டில் இஞ்சினீயர்" என்று வரிசை முழுவதும் மிட்டாய் வழங்குகிறோம். வழங்கட்டும், நாமும் வாங்கித் தின்றிருக்கிறோம். ஆனால் பட்டம் வேறு, தொழில் உரிமம் வேறு என்பதை நம்மில் பலர் அறியோம்.

வக்கீலுக்கு 1961-ஆம் ஆண்டின் சட்டம் உண்டு. பார் கவுன்சிலில் பெயர் பதியாமல் அவர் கோர்ட்டில் நின்று வாதாட முடியாது. கணக்குத் தணிக்கையாளருக்கு 1949-ஆம் ஆண்டின் சட்டம். டாக்டருக்கும் பதிவேடு உண்டு. வீட்டுக்குப் படம் வரையும் ஆர்க்கிடெக்டுக்குக்கூட 1972-இல் சட்டம் வந்துவிட்டது. பதிவு பெறாத ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு தொழில் நடத்துதல் குற்றம். அந்தப் படத்தின்படி எழும் கட்டடம் நிற்குமா விழுமா என்று கணக்கிடும் இஞ்சினீயருக்கோ நாடு முழுமைக்குமான அத்தகைய சட்டம் ஒன்றும் இல்லை. மசோதா வரைவுகள் பலமுறை பேசப்பட்டுள்ளன. பேச்சு பேச்சாகவே நிற்கிறது.

ஆபத்து கண்ணுக்குத் தெரியும் இடங்களில் மட்டும் சட்டம் விழித்துக்கொண்டிருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்துக்கு மானேஜராக இருக்க, தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்தார் நடத்தும் பரீட்சையில் தேறிய தகுதிச் சான்று வேண்டும். பாய்லரை நடத்த அதற்குரிய சான்று வேண்டும். மின்சார வேலைக்கு வயர்மேன் முதல் சூப்பர்வைசர் வரை மாநில லைசென்ஸ் போர்டு உண்டு. பாய்லர் வெடித்தால் சத்தம் கேட்கிறது. தூணில் கம்பி குறைந்திருப்பது கட்டடம் விழுகிற நாள்வரை யாருக்கும் கேட்பதில்லை.

பிற நாடுகளில் இந்த உரிமம் எப்படி வந்தது? அமெரிக்காவில் வயோமிங் என்னும் மாநிலம் 1907-இல் முதல் சட்டத்தை இயற்றிற்று. பாசன நீருக்கு உரிமை கோருவோர், அளவையே தெரியாதவர்களைக் கொண்டு படம் வரைந்து மனுவோடு இணைத்ததுதான் அதற்குக் காரணம். நம் ஊர்த் தாலுகாக் கச்சேரிகளை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது. டெக்சாஸ் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் கசிந்திருந்த எரிவாயு வெடித்து ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். அவ்வாண்டே அங்கு இஞ்சினீயர் பதிவுச் சட்டம் வந்தது.

ரயில்வே குடும்பத்தாராகிய நாம் சற்று நின்று கேட்க வேண்டியது கனடா தேசத்துக் கியூபெக் பாலத்தின் கதை. செயின்ட் லாரன்ஸ் நதியின்மேல் ரயில் செல்வதற்கென எழுந்தது அது. அதன் ஆலோசகரான தியோடர் கூப்பர் அக்காலத்தில் பெரும் புகழ் வாய்ந்தவர். தூண்களை ஆழம் குறைந்த இடத்தில் அமைக்கும் பொருட்டு, நடு இடைவெளியை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக அவர் நீட்டினார். நீளம் கூடினால் இரும்பின் எடையும் கூடும் அன்றோ? அந்த எடையை உரிய காலத்தில் மறுபடி கணக்கிடவில்லை. பிழை தெரிந்தபோது இரும்பு உருவாகி வேலையும் நடந்துகொண்டிருந்தது. கூப்பர் அதை ஏற்றுக்கொண்டு மேலே செல்லவிட்டார். உடல்நலம் குன்றிய அவர் நியூயார்க்கில் இருந்தார். பாலத்தடியில் இருந்தவர்கள் இளையவர்கள். அழுத்தம் தாங்கும் அடி உறுப்புகள் நாளுக்கு நாள் வளைவதை அவர்கள் கண்டார்கள், அளந்தார்கள், கடிதம் எழுதினார்கள். ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தமக்கு உண்டென்று அவர்களில் ஒருவரும் துணியவில்லை. இளைஞர் ஒருவர் ரயிலேறி நியூயார்க் சென்று நேரில் சொன்னார். கூப்பர் உடனே தந்தி கொடுத்தார். அது சென்றது உற்பத்திக் கம்பெனிக்கு, பாலத்துக்கு அன்று. அன்று மாலை, 1907 ஆகஸ்ட் 29-ஆம் நாள், வேலை விடும் தறுவாயில் பாலம் ஆற்றில் விழுந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தனர். மீண்டும் கட்டியபோது 1916-இல் நடுப்பகுதி விழுந்து 13 பேர் மாண்டனர். 1917-இல் ஒருவாறு பாலம் திறக்கப்பட்டது. இன்றும் அதன்மேல் ரயில் ஓடுகிறது.

யாருடைய கையெழுத்துக்கு யார் பொறுப்பு, "நிறுத்து" என்று சொல்ல யாருக்கு அதிகாரம் என்பவற்றை வரையறுக்காத குறைதான் அங்கே உயிர் குடித்தது என்பது நம் கருத்து. 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்நாட்டு மாகாணங்கள் பல இஞ்சினீயர் பதிவுச் சட்டங்களை இயற்றின. 1925 முதல் அங்கே இஞ்சினீயர்கள் ஓர் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, எழுதும் கையின் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் அணிகின்றனர். விழுந்த பாலத்தின் இரும்பில் செய்த மோதிரம் என்று சொல்வது கட்டுக்கதை. அதன் நினைவு தொடர்வது மட்டும் மெய்.

நம் பிள்ளைகள் அந்நாடுகளுக்குச் செல்வதால் அங்குள்ள முறையையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் உரிமம் வழங்குவது மாநிலம். அங்கீகாரம் பெற்ற பட்டம் வேண்டும். நம் நாட்டுப் பட்டமாயின் அதை எடைபோட்டுப் பார்ப்பார்கள். பிறகு அடிப்படைப் பரீட்சை, 110 கேள்விகள். அதன்பின் உரிமம் பெற்ற ஒருவரின்கீழ் பொதுவாக 4 ஆண்டுப் பணி. இறுதியில் தொழிற் பரீட்சை. கனடாவிலும் ஏறக்குறைய 4 ஆண்டு அனுபவமும், சட்டமும் ஒழுக்கமும் பற்றிய ஒரு பரீட்சையும் உண்டு. ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த அனுபவம் கனடாவிலேயே பெற்றதாக இருக்க வேண்டும் என்ற விதியை 2023-இல் நீக்கிவிட்டார்கள். ஆகையால் இங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள், எந்த வேலையை யாருக்குக் கீழ் எத்தனை மாதம் செய்தோம் என்பதை இன்றே எழுதி மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வைத்தல் நலம். பத்தாண்டு கழித்து அந்த அதிகாரி எங்கே ஓய்வில் இருப்பார் என்று தேடுவது எவ்வளவு கடினம் என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும்.

நிற்க. நம் நாட்டிலோ, சட்டம் இல்லாத குறையை ஓரளவு நிரப்பி வந்தது இஞ்சினீயர்களின் கழகமாகிய 'இன்ஸ்டிடியூஷன் ஆப் இஞ்சினீயர்ஸ்'. 1920-இல் சென்னையில் பதிவாகி, 1935-இல் அரச சாசனம் பெற்றது. கல்கத்தாவில் கோகலே சாலையில் அதன் தலைமையகம் இருக்கிறது. அதன் உறுப்பினராகும் தகுதி பெற்றவர் 'சார்ட்டர்ட் இஞ்சினீயர்' என்று போட்டுக்கொள்ளலாம். இயந்திர மதிப்பீட்டுக்கும் இன்னபிறவற்றுக்கும் பாங்குகளும் சுங்கத்தாரும் அந்த முத்திரையை ஏற்கின்றனர்.

அக்கழகம் நடத்திய ஏ.எம்.ஐ.இ. பரீட்சை நம் காலனிகளுக்குச் செய்த நன்மை எழுத்தில் அடங்காது. பாலிடெக்னிக் டிப்ளமாவோடு வேலைக்கு வந்தவர்கள், இரவுப் பணி முடித்து வந்து, 'ஏ' பகுதி, 'பி' பகுதி என்று ஆண்டுக்கணக்கில் எழுதித் தேறினார்கள். கல்லூரி வாசலை மிதிக்காமலே பட்டதாரிக்குச் சமமானார்கள். வீட்டில் விளக்கு அணையாத ஜன்னலைப் பார்த்து, "ஏ.எம்.ஐ.இ. படிக்கிறார்" என்று தெருவில் மெல்லப் பேசியது பலருக்கு நினைவிருக்கும்.

அந்த நிலை மாறிவிட்டது. இதைச் சொல்லவே முக்கியமாக இங்கு வந்தோம். 2013 மே 31-ஆம் தேதிவரை சேர்ந்தவர்களுக்கே, மத்திய அரசு வேலைக்குப் பட்டத்துக்கு நிகர் என்ற அங்கீகாரம் நிலைத்தது. பின்னர்ச் சேர்ந்தவர்களுக்கு அந்த நிகர்மை இல்லை. நம் வரிசை வீடுகளிலேயே ஒரு குடும்பத்தார், ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தை நம்பி, இக்கெடு கடந்தபின் மகனைச் சேர்த்துப் பணமும் ஐந்து ஆண்டுகளும் இழந்தனர். விண்ணப்பம் நம் மேசைக்கு வந்தபோது நம்மால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் தாயார் கேட்ட கேள்வி, "இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்பது.

அஞ்சல்வழிப் பொறியியல் பட்டமும் அவ்வாறே. உரிய அனுமதியின்றி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில வழங்கிய பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 3-இல் பரிசீலித்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டத்தை நிறுத்திவைத்து, மறுபரீட்சைக்கு வாய்ப்பளித்தது. அதற்குப்பின் சேர்ந்தவர்களின் பட்டத்தை ரத்துச் செய்தது. டிப்ளமாக்காரர்களுக்கு இன்று நேர்வழிகள் இரண்டு உண்டு. ஒன்று, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேர்தல். மற்றொன்று, வேலையில் இருப்போருக்கென 2023-24 முதல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அனுமதித்துள்ள, நேரம் ஒத்துவரும் வகுப்புகள். கல்லூரியின் பெயர் அக்குழுவின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கட்டலாகாது.

சொந்தமாகத் தொழில் நடத்த விரும்பும் சிவில் பட்டதாரிகளுக்கு ஒரு சொல். உங்களுக்கு லைசென்ஸ் வழங்குவது நகராட்சியே. அதற்குரிய தகுதி ஊருக்கு ஊர் மாறும். கல்கத்தாவில் கட்டடப் படத்தில் ஒப்பமிடும் சர்வேயர் வேறு, கட்டமைப்புக்குப் பொறுப்பேற்கும் இஞ்சினீயர் வேறு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, கட்டமைப்பு இஞ்சினீயருக்குப் பட்டத்தின்மேல் 3 ஆண்டு அனுபவத்தைப் பரிந்துரைக்கிறது. அத்துறையிலேயே மேற்பட்டம் பெற்றவருக்கு 2. ஆனால் அது பரிந்துரையே. நகராட்சி ஏற்றால்தான் விதி.

சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் நாள், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழை மாலையில் சரிந்து 61 பேர் இறந்தது நினைவிருக்கும். மாண்டவர்களுள் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். நம்மைப்போலவே ஊர்விட்டு வந்தவர்கள். தெரிந்தவர் கேட்டார், ஐயாயிரம் கொடுத்தார் என்று, தாம் பார்க்காத கட்டடத்தின் படத்தில் ஒப்பமிடும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லாமலில்லை. முன்வரிசைப் பிள்ளைகளிடம் அதையும் கேட்க யாரேனும் ஒருநாள் வருவார்கள்.

சான்றிதழ்கள் பற்றி ஐயம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குமேல் சங்க வாசகசாலைக்கு வரலாம். நாமும் நண்பர்கள் இருவரும் அங்கிருப்போம். மூலச் சான்றிதழ் வேண்டாம், நகல் போதும். கல்லூரியில் சேர்ந்த தேதி தெளிவாகத் தெரியும் காகிதத்தை மட்டும் மறவாமல் கொண்டுவருக.