கோலமாவுக் கோடு

தறியை நிறுத்திட்டு நேரா வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையார்பாளையத்து உறவுகளே, பரிசு வாங்கின கையோட ஓடிப்போகாம இன்னும் இருக்கிற பசங்களே!

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘விளையாட்டும் அரசு நிதியும்’. நோட்டீஸ்ல நிதின்னு பார்த்ததுமே, சரி, வசூலுக்கு வர்றாங்கன்னு பாதி ஊர் கதவைச் சாத்திடும்னு நெனச்சேன். வந்து பார்த்தா நாற்காலி பத்தல. பேச்சு முடிஞ்சதும் குடலை இட்லி இருக்குன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். மந்தாரை இலை வாசனை இங்க வரைக்கும் வருது. அந்த வாசனைக்கு முன்னாடி என் பேச்சு நிக்குமா? பார்ப்போம். அதுவும் அண்ணா பிறந்த ஊர்ல மைக் பிடிக்கிறதே ஒரு தைரியம்தான்.

நிதிக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒரு விசில் சத்தத்தைப் பத்திச் சொல்லணும்.

எங்க தெருவுல விடியக்காலையில போனா நடக்க இடம் இருக்காது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பட்டுப் பாவை இழுத்துக் கட்டியிருப்பாங்க. மாடு வந்தா மாட்டைத் திருப்பணும், சைக்கிள் வந்தா இறங்கித் தள்ளணும். வெயில் ஏறினா பாவைச் சுருட்டிக்கிட்டு உள்ளே போயிடுவாங்க. அப்புறம் தெரு எங்களோடது. ஆனா நாங்க எங்க இருந்தோம்? தறிக்குழிக்குப் பக்கத்துல! கோர்வைச் சேலைக்கு மூணு நாடா. எங்கப்பா குழியில காலை விட்டு உட்கார்ந்தா, ஒரு ஓரத்து நாடாவை வாங்கித் தள்ள ஒரு சின்னக் கை வேணும். அந்தக் கை என் கை. அந்தச் சேலையில எத்தனையோ பேர் கல்யாணம் பண்ணியிருப்பாங்க. நான் என்ன பண்ணேன்? தெருவுல பையனுங்க ‘கபடி கபடி’ன்னு மூச்சுப் பிடிக்கிறதை உள்ளேயிருந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.

சாயந்தரம் ஆறு மணிக்கு ஒரு விசில் கேட்கும். ஒருத்தர் வந்து நிப்பார். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா கோவிச்சுக்குவார். அரசாங்க வேலை இல்ல, சம்பளம் இல்ல. அவரும் எங்கள மாதிரி தறிக்காரர்தான். பகல் பூரா குழியில காலை வச்சவர், சாயந்தரம் குளத்தங்கரை மேட்டுல நின்னு விசில் ஊதுவார். ஒரு நாள் எங்கப்பா, “போய்த் தொலை, நாடாவை நாளைக்கு வாங்கிக்கலாம்”னார். சத்தியமாச் சொல்றேன், எனக்கு அன்னைக்குத்தான் தீபாவளி.

கபடிக்குக் கோடு போடணுமே. சுண்ணாம்புக்கு யார்கிட்ட காசு இருந்தது? அந்த மனுஷர் வீட்டுக்காரம்மாவோட கோலமாவு டப்பாவை எடுத்துக்கிட்டு வந்துடுவார். மறுநாள் காலையில அந்தம்மா வாசல்ல சாணி தெளிச்சிட்டு வெறும் டப்பாவை வச்சுக்கிட்டு நிப்பாங்க. வாசல்ல கோலம் இருக்காது, மைதானத்துல கோடு இருக்கும்! ஊருக்கே விளையாட்டு நிதி ஒதுக்கினது அந்தம்மாதாங்க! அந்த அம்மாவுக்குத் தட்டுங்க!

சரி, இப்ப அரசாங்கத்துக்கு வருவோம். நான் குறை சொல்றதுக்குன்னே வந்தவன் இல்ல. கொடுத்ததைக் கொடுத்தாங்கன்னு சொல்லணும். நம்ம காஞ்சிபுரத்துப் பொண்ணு துளசிமதி முருகேசன். 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி, பாரிஸ் பாராலிம்பிக், பாட்மின்டன், வெள்ளி! தமிழக அரசு 2 கோடி ரூபாய் கொடுத்தது. அர்ஜுனா விருதும் வந்தது. வடசென்னையில ஆட்டோ ஓட்டுறவர் மகள் காசிமா அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்சு வந்தது. 1 கோடி. கண்ணகி நகர் கார்த்திகா, 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல கபடி, தங்கம். 25 லட்சம். கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். பெத்தவங்க கண்ணுல அன்னைக்கு வந்த தண்ணிக்கு ஈடா ஒரு தொகை எந்த பட்ஜெட்லயும் கிடையாது.

ஆனா நான் தறிக்காரன் மகன். ஒரு கேள்வி கேட்காம போக மாட்டேன். சேலையை விரிச்சதும் எல்லாரும் எதைப் பார்க்கிறாங்க? முந்தானையைப் பார்க்கிறாங்க, ஜரிகையைப் பார்க்கிறாங்க. பாவை யாராவது பார்க்கிறாங்களா? பாவு அறுந்தா ஜரிகையை எதுல கோக்குறது? பரிசுப் பணம் ஜரிகைங்க. மின்னட்டும். நான் கேட்கிறது பாவுக்கு!

துளசிமதியோட அப்பா கூலி வேலை பார்த்தவர். மகளுக்கு முதல் பயிற்சியாளர் அவர்தான். வெள்ளி வந்த அன்னைக்கு 2 கோடி சரி. அந்தப் பொண்ணு ஏழெட்டு வயசுல முதல் தடவை மட்டையைப் பிடிச்சு வெறும் காத்தை அடிச்சுதே, அன்னைக்கு அந்த வீட்டுக்கு எவ்வளவு வந்தது? நான் பதில் சொல்லல. நீங்களே சொல்லிக்குங்க.

முதலமைச்சர் கோப்பைப் போட்டி நடக்குது. 2024-ல பேர் கொடுத்தவங்க 11 லட்சத்துக்கும் மேல. பரிசுத் தொகை மட்டும் 37 கோடி. மாநில அளவுல தனிநபர் தங்கத்துக்கு ஒரு லட்சம். நல்ல காரியம், ரொம்ப நல்ல காரியம். ஆனா 11 லட்சம் பேர்ல மேடை ஏறினவங்க கொஞ்சம் பேர். மிச்சப் பேர் தோத்தாங்க. தோத்தது தப்பில்லைங்க, நான் தோத்தவன்தான், என் முட்டியில இன்னும் தழும்பு இருக்கு. தோத்தவன் மறுநாள் சாயந்தரம் எங்க போய் ஆடுறான்? அங்கதான் எனக்கு நெஞ்சு அடைக்குது.

கிராம ஊராட்சிகளுக்கெல்லாம் கலைஞர் பேர்ல விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தாங்க. 2024 பிப்ரவரியில தொடங்கினது. 12,500-க்கும் மேல ஊராட்சி, 33 வகை சாமான். மட்டை, பந்து, நெட்டு எல்லாம் உண்டு. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போனேன். எந்த ஊருன்னு கேட்காதீங்க. “சாமான் வந்துச்சா?”ன்னேன். “வந்துச்சு மாமா”ன்னான் பையன். “எங்கே?” “பீரோவுல.” “பீரோ சாவி?” “அவர்கிட்ட.” “அவர் எங்கே?” “கல்யாணத்துக்குப் போயிருக்கார்.” யார் கல்யாணம்னு கேட்டேன். “தெரியாது மாமா, போயி மூணு மாசம் ஆச்சு”ன்னான்!

சிரிக்கிறீங்க. இன்னொரு பக்கம் டெல்லி. 2025-26 பட்ஜெட்ல ‘கேலோ இந்தியா’வுக்கு 1,000 கோடி. ஆயிரம் கோடின்னதும் நானும் வாயைப் பிளந்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். நம்ம ஜனத்தொகை 140 கோடிக்கு மேல. தலைக்கு ஏழு ரூபாய். வருஷத்துக்கு! இந்த ஏழு ரூபாயை எடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போனா டீ கிடையாது, கிளாஸ்தான் காட்டுவான்.

இதுல நேத்து பக்கத்து மேடையில ஒருத்தர் பேசியிருக்கார். பேர் வேண்டாம். அவருக்கு நான் எதுக்கு விளம்பரம் பண்ணணும்? “நெசவாளி பிள்ளைக்கு எதுக்கு விளையாட்டு, படிச்சா போதாதா?”ன்னு கேட்டாராம். ஐயா, உங்க பிள்ளை டென்னிஸ் கத்துக்கக் கார்ல போகலாம், எங்க பிள்ளை தெருவுல கபடி ஆடக் கூடாதா? இந்த ஊர்லேயிருந்து ஆண்ட பல்லவ ராஜா ஒருத்தனுக்குப் பட்டப்பேர் என்ன? மாமல்லன்! மல்லன்னா மல்யுத்தக்காரன். ‘மாப்படிப்பன்’னு பேர் வச்சுக்கலியே அவன்!

அந்தப் பக்கத்து மேடைக்காரரைப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஒரு பூங்காவுல உடற்பயிற்சிக் கருவி திறந்து வச்சார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. நம்ம தறியில போட்டது, நம்ம கூலியில பேரம் பேசி வாங்கினது. அந்த நின்ன இடத்துலயே மிதிக்கிற சைக்கிள் இருக்கில்ல, அதுல ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிட்டார். மிதிச்சார், மிதிச்சார், நகரல. “ஏன்டா போகல?”ன்னு கேட்டாராம்! அது போகாதுங்க ஐயா, உங்க அரசியல் மாதிரி! எத்தனை வருஷமா மிதிச்சாலும் அதே இடம்தான்!

போதும், போதும். தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புறார், ‘தலைப்பு’ன்னு ஒரே வார்த்தை எழுதியிருக்கார். வர்றேங்க.

ஐஸ்லாந்துன்னு ஒரு நாடு. மொத்த ஜனமே நாலு லட்சத்துக்குள்ள. 2019-ல அத்தி வரதர் வெளியே வந்தாரே, நல்ல கூட்டம் வந்த நாள்ல சின்ன காஞ்சிபுரத்துல நின்னவங்களை எண்ணியிருந்தா அந்த நாடு கிடைச்சிருக்கும். பாதி வருஷம் குளிர், வெளியே பந்து உதைக்க முடியாது. என்ன பண்ணாங்க? ஊராட்சி, நகராட்சிப் பணத்துல ஊருக்கு ஊர் கூரை போட்ட கால்பந்துக் கூடம் கட்டினாங்க. பணக்காரப் பிள்ளைக்குன்னு தனியா இல்ல, தெருப் பிள்ளைக்கு. சின்னப் பிள்ளைக்கும் பயிற்சி பெற்ற வாத்தியாரைப் போட்டாங்க. 2016-ல யூரோ கோப்பையில இங்கிலாந்தை 2-1ன்னு தோற்கடிச்சாங்க! கால்பந்துக்கு சட்டம் எழுதின நாட்டை!

நம்ம ஊர்ல அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவை தண்ணியிலிருந்து வருவார், 48 நாள் இருப்பார், திரும்பக் குளத்துக்குள்ள போயிடுவார். அது ஐதீகம், கும்பிடுறோம். மைதானத்துக்கு வர்ற பணமும் அந்த வழக்கத்தைப் பிடிச்சுக்கிட்டா எப்படிங்க? ஒரு விழாவுக்கு வெளிச்சம் வருது, கோடு வருது, பந்தல் வருது. விழா முடிஞ்சதும் எல்லாம் குளத்துக்குள்ள!

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், 3 கோடியில கட்டுறோம்னு அறிவிச்சிருக்காங்க. கட்டட்டும், நான்தான் முதல்ல கை தட்டுவேன். நம்ம ஊர்லயே அண்ணா பேர்ல மாவட்ட விளையாட்டரங்கம் இருக்கு. ஆனா பிள்ளையார்பாளையத்துப் பொண்ணு சாயந்தரம் ஆறு மணிக்கு மேல அவ்வளவு தூரம் தனியாப் போய்த் திரும்புவாளா? அவங்கம்மா விடுவாங்களா? அம்மாமார்களே, கையைத் தூக்கிச் சொல்லுங்க, விடுவீங்களா? பார்த்தீங்களா, ஒரு கை தூக்கல. தெருவுக்குப் பக்கத்துல இடம் வேணும். அந்த இடத்துல ஒரு விளக்கு வேணும். பொண்ணுங்களுக்கு, பூட்டாத, தண்ணி வர்ற கக்கூஸ் ஒண்ணு வேணும். மேடையில இந்த வார்த்தை எதுக்குன்னு ஒருத்தர் முகம் சுளிக்கிறார். பன்னிரண்டு வயசுல எத்தனை பொண்ணுங்க ஆட்டத்தை விட்டாங்கன்னு உங்க வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க, காரணம் சொல்வாங்க.

அப்புறம் ஒரு ஆள் வேணும். சிமென்ட்டுக்குக் காசு இருக்கு, கல்வெட்டுக்குக் காசு இருக்கு. கல்வெட்டு இல்லாம ஒரு கொடிக்கம்பம்கூட நட மாட்டோம். விசில் ஊதுற ஆளுக்கு மாசாமாசம் சம்பளம் எந்தக் கணக்குல இருக்கு? ‘நமக்கு நாமே’ன்னு ஒரு திட்டம், மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மிச்சத்தை அரசாங்கம் போடும். ஐயா, எங்க பங்கை நாங்க எப்பவோ போட்டாச்சு. இருபத்தஞ்சு வருஷக் கோலமாவு! அதுக்கு ரசீது இல்ல, அவ்வளவுதான்.

அந்த மனுஷருக்கு இப்ப முட்டி மடங்காது. குழித்தறி வாங்கின முட்டி. கபடி சொல்லித் தர்றவருக்கு உட்கார முடியல, நின்னுக்கிட்டேதான் சொல்லித் தர்றார். இன்னைக்கு இங்க கோப்பை வாங்கின ஏழு பசங்க அவர் பசங்க. மேடைக்கு வாங்கன்னு ரெண்டு தடவை கூப்பிட்டோம், வரல. தூணுக்குப் பின்னாடி நிக்கிறார். திரும்பிப் பார்க்காதீங்க, திரும்பிப் பார்க்காதீங்கன்னு சொல்றேன்ல! கூச்சப்படுவார்.

அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்னு விழாக் குழுவுல சொன்னாங்க. நான் வேண்டாம்னேன். ஆயுசு பூரா பட்டு நெய்தவருக்கு நாம பட்டுப் போர்த்தறதா? ஒரு மனு எழுதியிருக்கோம். ஒரு விளக்கு, ஒரு கக்கூஸ், ஒரு மாசச் சம்பளம். மூணே வரி. வாசல்ல மேஜை போட்டு வச்சிருக்கு. இட்லிக்கு முன்னாடி கையெழுத்து. கையெழுத்து போடாதவங்களுக்குச் சட்னி கிடையாது, நான் சொல்லிட்டேன்!

இன்னும் ஒரு விஷயம், அந்த சைக்கிள் மிதிச்சவர் இருக்காரே…

இருங்க, இன்னொரு சீட்டு வருது. இது தலைவர்கிட்டேயிருந்து இல்ல, பின்னாலேயிருந்து கை மாறி கை மாறி வருது. கோலமாவு ஒட்டியிருக்கு. படிக்கிறேன். “தம்பி, பேச்சை முடி. பசங்க காலையில அஞ்சு மணிக்கு வரணும்.”

வணக்கம்.