டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒரு பெயர்



ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு விஷயம்.

நம்ம வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊரே கிடையாது. கம்மவான்பேட்டையைச் சொல்லவே வேண்டாம். என் அண்ணனும் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அவர் காலமானதும் அண்ணிக்குக் குடும்ப ஓய்வூதியம் தானாக வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அண்ணியை வீட்டில் கூப்பிடும் பெயர். ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கப் பதினோரு மாதம் ஆயிற்று. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவரிடம் 'நீங்க யாரு?' என்று கேட்டால்? அண்ணி அழவில்லை; எனக்குத்தான் தாங்கவில்லை.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி சொன்னார்கள். பிரமாணப் பத்திரம், இறப்புச் சான்றிதழ் எல்லாம் ரெக்கார்டு ஆபீசுக்குப் போயின. 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் விதவைக்கும் இடமுண்டு. அதற்கும் இந்தப் பெயர்தான் தடை. அண்ணன் இருந்தபோதே ஒரு திருத்த மனு போட்டிருக்கலாம்.

மாணவர்களே, இன்று ராத்திரி வீட்டில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாட்டி பெயரைப் பாருங்கள். தப்பிருந்தால் நாளைக் காலை நூலக வாசலுக்குக் கொண்டு வாங்க. மனு நான் எழுதித் தர்றேன்.