சுவரை அளந்தால் போதுமா? வாழ்பவரைக் கேட்க வேண்டாமா?

(கம்பளையில் நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வரவில்லை. வீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பல்கலைக்கழக மாணவி ஒருவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தார். கட்டடக்கலை இறுதியாண்டு. பட்டம் பெறுவதற்கு ஒரு குடியிருப்பையே வடிவமைத்துக் காட்ட வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது நமது லயத்தை. சிங்களப் பிள்ளை, தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

இரண்டு நாட்கள் அளவு நாடாவோடு காம்பரா காம்பராவாக அளந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் பணிய லயத்துப் பாட்டி ஒருவர் கேட்டார்: "மகள், ரெண்டு நாளா சுவரை அளக்குறீங்க. எங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலையே?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு ஸ்தோப்பில் உட்கார்ந்தார். அன்று பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

நம் பெண்கள் சொன்னார்கள். நனைந்த படங்கைக் காயப்போட இடமில்லை. விறகு அடுக்க இடமில்லை. விடியுமுன் எழுந்து அடுப்புப் பற்ற வைத்தால் புகையில் பிள்ளைகள் இருமுகிறார்கள். வயதுக்கு வந்த பெண்பிள்ளை பீலியில் குளிக்கவேண்டியிருக்கிறது. சாதாரண தரம் படிக்கும் பையன் கட்டிலின் ஓரத்தில் இருந்துதான் எழுதுகிறான். இதெல்லாம் அளவு நாடாவில் வருமா?

அவர் முதலில் வரைந்த படத்தில் முன் மண்டபம் பெரிது, குசினி ஒரு மூலை. இரண்டாவது படத்தில் குசினி பெரிதாகியது. பின்கதவுக்குப் பக்கத்தில் படங்கு காயவும் விறகு அடுக்கவும் ஒரு பத்தி வந்தது. பிள்ளை படிக்க ஜன்னலோரம் ஓர் இடம் வந்தது.

தாய்மார்களே, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே லயம் வந்துவிட்டது. விடிந்ததும் பெரட்டுக்கு ஆள் கூட்ட வசதியாகக் கட்டினார்கள். குடும்பம் நடத்த வசதியா என்று நம் முன்னோரிடம் யாரும் கேட்கவில்லை.

ஆனால் கேட்டுக் கட்டியவர் இதே கண்டியில் இருந்தார். மினட் டி சில்வா என்ற பெண், 1918இல் கண்டியில் பிறந்தவர், கட்டடக்கலைஞர். 1950களில் கண்டி வட்டப்புளுவையில் அரச ஊழியர்களுக்கு ஒரு வீட்டுத் திட்டத்தை வடிவமைத்தார். முதலில் கேள்வித்தாள் கொடுத்து, குடும்பத்தில் எத்தனை பேர், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டார். அதன்படி பல வகை வீடுகளை வரைந்தார்.

அவருடைய தாயார் அக்னஸ் டி சில்வாவை நாம் மறக்கக் கூடாது. டொனமூர் ஆணைக்குழுவிடம் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சென்றவர்களில் அவரும் ஒருவர். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்குமா என்று அங்கே கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னவர் அவர்.

உத்தியோகத்தர்களிடம் கேட்டுக் கட்ட முடியுமென்றால் கொழுந்து பறிப்பவர்களிடம் கேட்டுக் கட்ட முடியாதா?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்றுக் கூட. 7 பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,905 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு போனால் மீதி 1,355. இதற்குள் பாதை, மலக்குழி, மரக்கறிப் பாத்தி, நாளை மகனுக்குக் கலியாணம் என்றால் இன்னோர் அறை. வீட்டைக் காணியின் நட்டநடுவில் வைத்தால் இந்த மீதி நாலு பக்கமும் சிதறிப் பயனில்லாமல் போகும். ஒரு பக்கமாக வைத்தால் பின்னாளில் சேர்த்துக் கட்டலாம்.

அடுத்தது சரிவு. இரண்டடி போனால் ஓரடி ஏறும் நிலத்தில் 24 அடி நீளத் தரையைச் சமமாக வெட்டினால் பின்னால் 12 அடி மண்சுவர் நிற்கும். அதையே இரண்டு படியாக அமைத்தால் ஒவ்வொரு வெட்டும் 6 அடிதான். பாட்டி படி ஏறுவாரா என்று மாணவியிடம் கேட்டோம். பாட்டியின் அறை, குசினி, மலசலகூடம் மூன்றையும் ஒரே மட்டத்தில் வைத்தார். மற்ற அறைகள் மேல்படிக்குப் போயின.

இது வெறும் படக்கணக்கல்ல. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது இந்தக் கம்பளையில் மகாவலி பெருகியதை நீங்களே கண்டீர்கள். மண் வெட்டும் ஒவ்வொரு வெட்டிலும் நம் உயிர் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும்.

ஒன்று: அடிக்கல் நாட்டும் முன் வீட்டுப் படத்தை நம்மிடம் காட்ட வேண்டும். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும்.

இரண்டு: அந்த நிலம் பற்றிய தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைத் தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டும்.

மூன்று: திறப்பு கையில் தரும் நாளிலேயே தண்ணீரும் பாதையும் இருக்க வேண்டும்.

நான்கு: காணி உறுதிப் பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும்.

இனிமேல் படிக்கும் பிள்ளைகள் யாராவது நாடாவோடு வந்தால் விரட்டாதீர்கள். தேத்தண்ணி கொடுத்து உட்கார வைத்துப் பேசுங்கள். நாளைக்கு அவர்கள்தான் திணைக்களங்களில் இருக்கப் போகிறார்கள்.

கடைசியாக என் மாணவர்களின் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். இது தெரியாமல் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். படம் வரையும் பிள்ளை வீட்டில் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள். ஒருநாள் நம் லயத்தை வரைய வரும் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படக் கூடாது.