பெயர்ப் பட்டியலுக்கு ஒரு பூட்டு

(பெருங்களத்தூரில் ஊராட்சிக் கணினிப் பணியாளர்களிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பேரூராட்சியாக இருந்த பெருங்களத்தூர் 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியாயிற்று. ஊர்கள் நகராகி வரும் இவ்வட்டாரத்தில், பயனாளிகளின் பட்டியல்களும் ஓர் அலுவலகத்தினின்று மற்றோர் அலுவலகத்திற்குச் செல்ல வேண்டியுள்ளது. முதியோர் ஓய்வூதியம் பெறும் மூதாட்டியின் பெயரும், 12 இலக்க ஆதார் எண்ணும், வங்கிக் கணக்கு எண்ணும் அவற்றில் அடங்கும். அவை தீயோர் கையிற் சிக்கினால், வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி அவரை ஏய்ப்பது எளிதாகிவிடும். நம்மை நம்பி அவர் தந்த விவரத்தைக் காப்பது நம் கடமையன்றோ?

நாள்தோறும் இரவில் பட்டியலைத் தானாகவே அனுப்புமாறு கணினிக்குக் கட்டளைத் தொடர் எழுதி வைக்கிறோம். அத்தொடரிலேயே கடவுச்சொல்லையும் எழுதி வைப்பது, வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இதற்கு வழிகாட்டுவது, 1976இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட பொதுத் திறவுகோல் முறை. கோயில் உண்டியலை நினைத்துப் பாருங்கள். காசு போட எவருக்கும் சாவி வேண்டுவதில்லை. திறப்பதற்கே சாவி வேண்டும். அவ்வாறே, பெறும் அலுவலகம் தன் பொதுத் திறவுகோலை நமக்குத் தருகிறது. தனித் திறவுகோலைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நாம் பூட்டி அனுப்பியதை நாமே திறக்க இயலாது. ஆகவே, நம் கட்டளைத் தொடரில் கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை. 1999இல் முதல் நிலையான பதிப்பு வெளிவந்த ஜி.பி.ஜி. என்னும் மென்பொருள் இப்பணிக்கு உதவும், அதற்கு விலையில்லை.

எனினும், மூன்று செய்திகளை நாம் மறத்தலாகாது.

முதலாவது, திறவுகோல் உரியவருடையதுதானா என்று அறிதல். ஒவ்வொன்றுக்கும், பொதுவாக 40 எழுத்தும் எண்ணும் கொண்ட, கைரேகை ஒன்று உண்டு. உரிய அலுவலரை நேரில் கண்டோ, நாம் முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் அழைத்தோ அதனை ஒப்பிட வேண்டும். சரிபார்க்காத திறவுகோலைக் கொடுத்தால் ஜி.பி.ஜி. வேலையை நிறுத்திவிடும். அப்போது, எதையும் நம்புக என்னும் விருப்பக் கட்டளையைச் சேர்த்துத் தப்பித்துக்கொள்வது, முன்பின் அறியாதவர் வைத்த உண்டியலில் காணிக்கை இடுவதாகும்.

இரண்டாவது, முடிவுக் குறியீட்டைப் பார்த்தல். வேலை செவ்வனே முடிந்தால் அது 0 ஆக இருக்கும். வேறு எண் வந்தால் அனுப்புவதை அங்கேயே நிறுத்துமாறு தொடரில் எழுதுக. இல்லையேல், பூட்டாத பட்டியலே போய்ச் சேரக்கூடும்.

மூன்றாவது, தனித் திறவுகோலைப் பேணுதல். அது தொலைந்தால் பூட்டியவற்றை எவராலும் திறக்க இயலாது. பெறுவோராக நாம் இருக்கும்போது, அதன் படியொன்றை வேறிடத்தில் பூட்டி வைத்தல் வேண்டும்.

முதலில் கற்பனைப் பெயர்கள் கொண்ட பட்டியலை அனுப்பி, மறுமுனையில் அது திறக்கிறதா என்று பார்ப்போம். பிறகு மக்களின் பட்டியலைக் கையிலெடுப்போம். சாலையும் கிணறும் கண்ணுக்குத் தெரியும் பணிகள். இதுவோ கண்ணுக்குத் தெரியாத காவல். இதனையும் அவ்வளவு கருத்துடன் செய்வோமாக.